ஒன்று புள்ளி நான்கு விநாடி

அத்தியாயம் 6

எதிர்த்தெரு துப்பறியும் நிலையத்தில் எடுபிடி வேலை பார்க்கும் ‘டை’க்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. செய்தி முந்திரியின் காதில் விழுந்தபோது மணி ஒன்பது. ஒன்பது ஐந்துக்கெல்லாம் அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

டையை அவனுக்கு நன்றாகத் தெரியும். கொளுத்துகிற வெயிலில்கூடக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு திரிகிற ஆள். காணாமல் போன நாயைத் தேடப் போய், மூன்று நாள் தானே காணாமல் போனவன். அவன் இடுப்பில் துப்பாக்கி. எட்டு வருடமாகக் குப்பை கிளறி, சுவர் ஏறிக் குதித்து, ஒரு பல்லையும் பறிகொடுத்த முந்திரியின் இடுப்பில் சாவிக்கொத்து.

“மேடம், ஒரு கையெழுத்து” என்று படிவத்தை நீட்டினான்.

சுங்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சுங்கத்துறையில் இருபத்திரண்டு வருடம் பயணிகளின் பெட்டியைத் திறந்து பார்த்தவள். அதனால்தான் அந்தப் பெயர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும், எதிரில் நிற்கும் மனிதர்களைப் பூட்டிய பெட்டி மாதிரிதான் பார்ப்பாள்.

“என்ன இது?”

“துப்பாக்கி லைசென்ஸ். வேலை குடுக்கறவங்க சிபாரிசு வேணுமாம்.”

“யாரைச் சுடப் போற?”

“சுடறதுக்கு இல்ல மேடம். சும்மா வெச்சுக்கறதுக்கு.”

“உலகத்துல நூறு துப்பாக்கி இருந்தா, எண்பத்தஞ்சு பொதுஜனம் கையிலதான் இருக்கு. மிச்சம்தான் பட்டாளமும் போலீசும். அந்த எண்பத்தஞ்சுல பாதி, ‘சும்மா வெச்சுக்கறேன்’னு சொன்னவன் வாங்கினதா இருக்கும்.”

“அந்த எண்பத்தஞ்சுல ஒண்ணுகூட என்கிட்ட இல்லையே, அதான் மேடம் என் கவலை.”

“சாயங்காலம் கேளு.”

முந்திரி படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். எதிலும் முந்திக்கொண்டு வாயை விடுவதால் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வந்தது. உச்சரிக்கச் சோம்பல்பட்டு ஊர் அதைப் பாதியாக வெட்டிவிட்டது. இன்றைக்கு மட்டும் அவன் வாயை அடக்கிக்கொண்டான். காரணம், கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

“என்னோடது இல்ல. என் தங்கச்சியோடது” என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். அக்கா, தங்கை இருவர். அக்காவின் கணவர் அச்சகம் நடத்துகிறார். தங்கையின் கணவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரே தோட்டத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே வீடு. நேற்று மாலை ஆறு மணிக்குத் தங்கை தன் வீட்டு ஹாலில் தொடையில் குண்டடிபட்டு விழுந்தாள். ராத்திரியே ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னும் மயக்கம் தெளியவில்லை.

“ஜன்னல் வழியா என் வீட்டுக்காரர்தான் சுட்டார்னு தங்கச்சி புருஷன் சொல்றார். இவரைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. மூணு மணிக்குக் கோர்ட்டு. அங்கிருந்து ஜெயில்.”

“அவர் சுட்டாரா?”

“அந்த நேரத்துல எங்க கொல்லைப்பக்கம் தகர டப்பாவை வெச்சுச் சுட்டுக்கிட்டு இருந்தார். தினமும் சுடுவார். அலறல் கேட்டு நான் ஓடினேன். அவரும் கையில துப்பாக்கியோடயே ஓடி வந்தார். தங்கச்சி புருஷன் அவரைப் பாத்ததும், ‘நீதானே!’ன்னு கத்தினார். அக்கம்பக்கம் எல்லாரும் பாத்தது அதைத்தான். துப்பாக்கியோட நிக்கற மனுஷனை.”

“ரெண்டு பேருக்கும் ஆகாதா?”

அக்கா கசப்பாகச் சிரித்தாள். “சகலைங்க. இவர் பதினெட்டு அங்குல மீன்தொட்டி வாங்கினா அவர் முப்பத்தாறு அங்குலம் வாங்குவார். இவர் நாய் வாங்கினா அவர் ரெண்டு நாய். போன வருஷம் இவர் துப்பாக்கி வாங்கினார், திருட்டு பயம்னு. ஒரே வாரத்துல அவரும் வாங்கிட்டார். அதே கம்பெனி, அதே குண்டு. மேல மட்டும் வெள்ளிப் பூச்சு.”

“திருடன் வந்தானா?” என்றான் முந்திரி.

“எங்க வர்றது? ரெண்டு பேரும் சாயங்காலம் முழுக்கச் சுட்டா எவன் வருவான்?”

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப்பில் போட்டி நடந்ததாம். உறையிலிருந்து யார் சீக்கிரம் எடுத்துச் சுடுகிறார்கள் என்று. அச்சகக்காரர் ஒன்றரை விநாடி. கோப்பை அவருக்கு. டைல்ஸ்காரருக்கு இரண்டு புள்ளி ஒன்று. கைதட்டல் மட்டும். ஜெயித்த மப்பில் அச்சகக்காரர் எல்லார் முன்னாலும், “நீ உறையைத் தொடறதுக்குள்ள உன்னைச் சுட்டுப் போட்டுடுவேன்டா” என்று சகலையிடம் சொல்லிவிட்டார். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

“குண்டு யார் துப்பாக்கியோடதுன்னு பாக்கலியா?”

“தொடையைத் துளைச்சுக்கிட்டுப் போய் கிரானைட் தரையில மோதிச் சப்பையாயிடுச்சாம். கண்டுபிடிக்க முடியாதாம். அவர் கடையிலேயே ஒசத்தி கிரானைட்டாப் பாத்துப் பாத்துப் போட்டது.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “அதெல்லாம் விடுங்க மேடம். அவ கண்ணு முழிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும். சுட்டவன் பொண்டாட்டின்னு என்னை வார்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவர் சுடலைன்னு ஆனாத்தான் என்னை உள்ள விடுவாங்க.”

“விழுந்தவ கிட்ட முதல்ல போனது நீங்கதானே? கையில ஏதாவது வெச்சிருந்தாளா?”

அக்கா கைப்பையைத் துழாவினாள். “இது இருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன். சமையலறையில முட்டை வேகவைக்க நேரம் பாக்கறது.”

சின்ன ஸ்டாப்வாட்ச். கண்ணாடியில் எண் அப்படியே நின்றிருந்தது: 1.4.

சுங்கம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். “முந்திரி, ஒண்ணு புள்ளி நாலு செகண்டுல எந்த முட்டை வேகும்?”

“கொசு முட்டைகூட வேகாது மேடம்.”

“வண்டியை எடு.”

*

முதலில் அச்சகக்காரர் வீடு. சுங்கம்மா எதையும் தொடவில்லை. முந்திரி எல்லாவற்றையும் தொட்டான். மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு காகிதத்தை வெட்டப் பார்த்தான். காகிதம் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

“மொண்ணை.”

“மொண்ணை இல்ல. அவருக்கு இடது கைப் பழக்கம். சொல்லி வாங்கினது” என்றாள் அக்கா. “அந்த மேஜைகூட அப்படித்தான். இழுப்பறை எல்லாம் இடது பக்கம் வரணும்னு ஆசாரிகிட்ட நின்னு செய்யவெச்சார்.”

சுவர் ஆணியில் பழுப்புத் தோல் உறை ஒன்று இடுப்பு வாரோடு தொங்கியது. துப்பாக்கி இல்லை. அது போலீசிடம். உறையைப் பார்த்ததும் முந்திரியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. படிவம் பத்திரமாக இருந்தது. டைக்கும் இப்படி ஒன்று இருக்கும். கறுப்பாக இருக்கும். டைக்குப் பொருத்தமாக.

“ஏக்கப் பெருமூச்சு விட்டது போதும், வா” என்றாள் சுங்கம்மா.

தோட்டத்தைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனார்கள். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். ஹாலில் இன்ஸ்பெக்டர் இருந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து குளித்து உடை மாற்ற வந்திருந்த டைல்ஸ்காரர், அவருக்கு எதிரே ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

“சுங்கம்மாவா? அஞ்சு நிமிஷம்தான்” என்றார் இன்ஸ்பெக்டர். இருவருக்கும் பழைய பழக்கம்.

முந்திரிக்கு உள்ளே நுழைந்ததும் தலை சுற்றியது. இப்போதுதான் இதே வீட்டை விட்டு வந்தோமே? அதே சோபா, ஒரு ஆள் கூடுதலாக உட்காரலாம். அதே கடிகாரம், இரண்டு மடங்கு. அதே மேஜை, தேக்குக்குப் பதில் கருங்காலி. மீன்தொட்டியில் மீன்கள் வழிதவறாமல் இருக்க வழிகாட்டிப் பலகை வைக்கலாம். எதிரே சுவர் முழுக்க ஒரு டிவி. அதை ஒட்டினாற்போல் சமையலறை வாசல். வாசலுக்கு முன்னால் கிரானைட் தரையைக் கழுவித் துடைத்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் கல் சிதறியிருந்தது.

“பேனா” என்றார் இன்ஸ்பெக்டர்.

டைல்ஸ்காரர் மேஜை முன்னால் போய் உட்கார்ந்து வலது பக்கம் கையை நீட்டினார். வெறும் பலகை. சலித்துக்கொண்டு உடம்பை முழுக்கத் திருப்பி, இடது பக்க இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

முந்திரி வாயைத் திறந்தான். சுங்கம்மா அவன் காலை மிதித்தாள்.

“உங்க சகலை பெரிய ஆள்தான் போல” என்றாள் டைல்ஸ்காரரிடம். “ஒன்றரை விநாடியாமே? கிளப்பே பேசுதாம்.”

டைல்ஸ்காரரின் தாடை இறுகியது. “பேசும், பேசும். ஒருநாள் கூத்து.”

“உங்களுக்கு ரெண்டுக்கு மேலயாமே?”

“அது ஞாயித்துக்கிழமை.”

“அதுக்கப்புறம் மூணு நாள்தானே ஆச்சு? மூணு நாள்ல என்ன மாறிடும்?”

“மேடம், என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா. இதுவா பேசற நேரம்?”

“வாஸ்தவம். மன்னிச்சுக்குங்க.” சுங்கம்மா எழுந்தாள். வாசல்வரை போய், முந்திரியிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “நான்தான் சொன்னேனே. அச்சகக்காரர்கிட்ட இவர் நிக்க முடியாது.”

முந்திரிக்கு அந்த நிமிஷம் டைல்ஸ்காரர் முகம் நன்றாகத் தெரிந்தது. காலை ஒன்பது ஐந்துக்குக் கண்ணாடியில் அவன் பார்த்த முகம் அது.

“நில்லுங்க” என்றார் டைல்ஸ்காரர்.

உறையை எடுத்து வந்தார். முதலைத்தோல். சகலையுடையது வெறும் பழுப்புத்தோல். இடது இடுப்பில் வாரை இறுக்கினார். துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்க இன்ஸ்பெக்டர் சம்மதிக்கவில்லை. சுங்கம்மா சோபாவில் கிடந்த டிவி ரிமோட்டை எடுத்து உறைக்குள் செருகினாள்.

“இதை எடுங்க, போதும். முந்திரி, நீ உன் போன்ல நேரம் பாரு. அங்க போய் நில்லு, சமையலறை வாசல்ல. முன்னாடி நின்னாத்தான் கை தெரியும்.”

“அங்க வேணாம்” என்றார் டைல்ஸ்காரர் சட்டென்று.

“ஏன்?”

“இல்ல… வெளிச்சம் பத்தாது.”

“அவன் கண்ணு நல்ல கண்ணு. நில்லு முந்திரி.”

முந்திரி நின்றான். வெறும் ரிமோட் என்று தெரியும். இருந்தாலும் தொடை கூசியது. காலடியில் சிதறின கல். “ரெடி. ஒண்ணு, ரெண்டு…” என்று எண்ணிப் போனை அமுக்கினான்.

டைல்ஸ்காரரின் வலது கை வயிற்றைக் குறுக்காகத் தாண்டிப் போனது. உறையின் வாய் பின்பக்கம் பார்த்திருந்ததால் மணிக்கட்டை முறுக்கினார். ரிமோட்டைப் பிடுங்கி எடுத்தார். அது ஹாலைப் பாதி சுற்றிக்கொண்டு முந்திரியை நோக்கி வந்தது. நேராக நிற்பதற்கு முன்பே, அவன் காதருகில் ஒரு பெண் கூச்சலிட்டாள்.

முந்திரி எகிறிக் குதித்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சமையல் பாத்திர விளம்பரம்.

இன்ஸ்பெக்டர் டிவியையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டிவியை யார் போட்டது?” என்றாள் சுங்கம்மா.

டைல்ஸ்காரர் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் பொத்தானின் மேல்தான் இருந்தது.

“நீங்க குறி பாக்கறதுக்கு முன்னாடியே விரல் அமுக்கிடுது. உங்க தப்பு இல்ல, உறையோட தப்பு. அது இடது கைக்காரனுக்குத் தைச்ச உறை. வலது கையால எடுக்கணும்னா கையை முறுக்கணும். முறுக்கினா விரல் தானா விசைமேல போய் விழும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “கடையில என்ன சொல்லி வாங்கினீங்க?”

டைல்ஸ்காரர் உறையைத் தொட்டுப் பார்த்தார். “சகலைக்குக் குடுத்த அதே உறை வேணும்னு சொன்னேன். தோல் மட்டும் ஒசத்தியா.”

“மேஜையும் அப்படித்தான். உள்ள கத்தரிக்கோலும் அப்படித்தான் இருக்கும். ஒரு வருஷமா ஒரு பேப்பர் வெட்ட முடிஞ்சிருக்காதே?”

“மொண்ணைன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

முந்திரிக்குச் சிரிப்பு வந்தது. தரையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் கையெழுத்தான வாக்குமூலத்தை மெல்ல மடித்தார். “வீட்டுக் காவலுக்குன்னு வாங்கின துப்பாக்கியால திருடனைச் சுட்ட கேஸ் என் சர்வீஸ்ல ஒண்ணே ஒண்ணு. வீட்டு ஆளையே சுட்டது பதினொண்ணு. இதோட பன்னெண்டா?”

டைல்ஸ்காரர் கடைசியாக ஒருமுறை திமிறிப் பார்த்தார். “டிவி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா? நான் எடுத்ததை யார் பாத்தா?”

சுங்கம்மா பைக்குள்ளிருந்து அந்த ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக் காட்டினாள். “இதைப் பிடிச்சிருந்தவங்க பாத்தாங்க.”

அந்த நேரம் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. நோயாளிக்கு மயக்கம் தெளிந்துவிட்டது, பேச வேண்டும் என்கிறாள். அவர் ஸ்பீக்கரைப் போட்டார். வாசலில் நின்ற அக்கா ஓடி வந்தாள். டைல்ஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி போனைப் பார்த்தார். காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சினாரா, பிழைத்தாளே என்று கும்பிட்டாரா, முந்திரிக்குப் புரியவில்லை.

“யாரும்மா சுட்டது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நீண்ட மூச்சு. பிறகு மிகச் சன்னமான குரல். “கடிகாரம் எங்க?”

“எங்கிட்ட இருக்கு” என்றாள் சுங்கம்மா.

“எவ்வளவு காட்டுது?”

“ஒண்ணு புள்ளி நாலு.”

“மாமாவுக்கு ஒன்றரைதானே?”

“ஆமா.”

“அப்ப நாங்க ஜெயிச்சுட்டோம்ல?” குரல் தேய்ந்தது. “அவரைத் திட்டாதீங்க. தள்ளி நில்லுன்னு அவர் சொன்னார். நான்தான் முன்னாடி நின்னேன். முன்னாடி நின்னாத்தானே கை தெரியும்? வருஷம் பூரா அக்கா வீட்டைப் பாத்துப் பாத்து… ஒரு தடவையாவது…”

டைல்ஸ்காரர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆனால் ‘ஒண்ணு புள்ளி நாலு’ என்று கேட்ட கணத்தில் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை முந்திரி பார்த்துவிட்டான். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

“பைத்தியக்காரி” என்றாள் அக்கா போனைப் பார்த்து. “பைத்தியக்காரி. இதோ வந்துட்டேன்டி, தூங்காதே.”

*

மணி இரண்டரை. போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு அச்சகக்காரர் கசங்கிய சட்டையோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அக்கா ஆட்டோவில் காத்திருந்தாள். நடந்ததை இன்ஸ்பெக்டர் சொன்னார். அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கொழுந்தியா பிழைத்துக்கொள்வாளா என்று இரண்டு முறை கேட்டார். கண் கலங்கியது. நல்ல மனிதர்தான்.

“அவன் துப்பாக்கி?”

“பறிமுதல்.”

அச்சகக்காரர் தலையாட்டினார். படி இறங்கினார். இரண்டாவது படியில் நின்றார்.

“ஒண்ணு புள்ளி நாலா? பொண்டாட்டியை விட்டு நேரம் பாத்தா அது எப்படிங்க செல்லும்?”

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆட்டோவிலிருந்து இறங்கி, அவரைத் தாண்டி, இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

“இவரோடதையும் திருப்பிக் குடுக்காதீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?”

“லைசென்ஸ் அவர் பேர்லம்மா.”

“அப்ப அவர் போடுவார்.” திரும்பிக் கணவரைப் பார்த்தாள். “போட்டுட்டு நடந்து வாங்க. போடலைன்னா வராதீங்க. நான் என் தங்கச்சிகிட்டப் போறேன்.”

ஆட்டோ கிளம்பிவிட்டது. அச்சகக்காரர் படியிலேயே நின்றார். ஸ்டேஷனுக்குள்ளும் பார்த்தார், தெருவையும் பார்த்தார்.

படி ஓரம் நின்ற சுங்கம்மா முந்திரி பக்கம் திரும்பி, தன் பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். “சாயங்காலம்னு சொன்னேன். பரவாயில்ல, இப்பவே போட்டுடறேன். குடு அந்தப் படிவத்தை.”

முந்திரி எதிர்ச்சாரியைப் பார்த்தான். அங்கே டை போய்க்கொண்டிருந்தான். கோட்டை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, இடுப்பு தெரியும்படி. உறை கறுப்புத்தான். அவன் நினைத்த மாதிரியே டைக்குப் பொருத்தமாக இருந்தது. வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

“வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் மேடம்” என்றான்.

சொல்லும்போது கையை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டான். சட்டைப் பைக்குள் காகிதம் சரசரத்தது.

சுங்கம்மா அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் பெட்டி திறந்து பார்த்தவள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“சரி. போய் வண்டியை எடு.”